சாவடிச் சுவரில் ஒட்டிய தாளை யார் குறித்துக்கொள்கிறார்கள்?

2025 மே மாதம் மாஸ்கோவில் ஒரு நீதிமன்றம் கிரிகோரி மெல்கோனியான்ட்ஸுக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. ரஷ்யத் தேர்தல்களை இருபது வருஷத்துக்கும் மேலாகக் கண்காணித்து வந்த கோலஸ் அமைப்பின் இணைத் தலைவர் அவர். ஐரோப்பியத் தேர்தல் கண்காணிப்புக் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றை 2021-ல் ரஷ்ய அரசு 'வேண்டாத அமைப்பு' என்று அறிவித்திருந்தது, அதோடு தொடர்பு வைத்து வேலை செய்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. அடுத்த இரண்டு மாதத்தில் கோலஸ் தன் வேலையையே நிறுத்திவிட்டது.

தேர்தல் கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். 'அடுத்த நாட்டுத் தேர்தலில் உங்களுக்கென்ன வேலை?' என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எல்லை தாண்டி ஒரு கை நீண்டாலே அரசுகள் ஏன் இப்படிப் பதறுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பல நாடுகளில் ஓட்டுப்பதிவு முடிந்ததும் அந்தந்தச் சாவடியிலேயே எண்ணி, முடிவுத் தாளைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். சில நூறு சாவடிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தொண்டரை உட்கார வைத்து, அந்தத் தாளில் உள்ள எண்களைக் குறுஞ்செய்தியில் வாங்கினால், நாட்டு முடிவு ஏறக்குறைய என்னவாக இருக்கும் என்று அன்று ராத்திரியே சொல்லிவிடலாம். போட்டி மிக நெருக்கமாக இருந்தால் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

பயிற்சியில் நான் அதிகமாக மல்லுக்கட்டுவது ஒரே விஷயத்துக்குத்தான்: குலுக்கலில் விழுந்த சாவடிக்கே போக வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பஸ் போகாத ஊராக இருந்தாலும் அங்கேதான். மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் வசதியாக உட்கார்ந்து தகவல் அனுப்பினால், ரோட்டோரத்து ஓட்டெல்லாம் கூடுதலாக ஏறி மொத்தக் கணக்கும் கோணலாகிவிடும். காலையில் திறப்பதற்கு முன்பே போய்க் காலிப் பெட்டியைக் காட்டினார்களா, சீல் எண் என்ன என்று குறித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் தாள் ஒட்டும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது, ஏனென்றால் கரண்ட் போவதும் ஏஜெண்டுகளை வெளியே அனுப்புவதும் பெரும்பாலும் எண்ணும் நேரத்தில்தான், நம் ஆளுக்குப் பசியும் தூக்கமும் வருவதும் அப்போதுதான்.

1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸில் நடந்தது தெரிந்திருக்கும். அரசு எண்ணிக்கையில் அதிபர் மார்கோஸ் முந்தினார். நம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் அமைப்பு லட்சக்கணக்கான தொண்டர்களைக் கொண்டு தனியாக எண்ணியதில் அவரை எதிர்த்து நின்ற கோரி அக்கினோ முந்தினார். அரசின் எண்ணிக்கை மையத்தில் இருந்த கணினிப் பணியாளர்களே, திரையில் வருவதும் பலகையில் போடுவதும் ஒத்துப்போகவில்லை என்று எழுந்து வெளியேறினார்கள். அந்த மாதமே மார்கோஸ் நாட்டை விட்டு ஓடினார். அந்த அனுபவம் மணிலாவோடு நிற்கவில்லை. 1997-ல் ஆசியக் கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து அன்ஃப்ரெல் என்ற வலையமைப்பைத் தொடங்கியபோது நம்ஃப்ரெல்லும் அதில் இருந்தது, இலங்கையின் பஃப்ரல் போன்ற அமைப்புகளும் அந்த வலையமைப்பில் இருக்கின்றன.

மியான்மரில் இதன் பலனும் எல்லையும் இரண்டுமே தெரிந்தன. 2020 நவம்பர் தேர்தலில் மோசடி என்று ராணுவம் சொன்னது. உள்நாட்டுக் கண்காணிப்பு அமைப்புகள் பன்னிரண்டு சேர்ந்து, முடிவு நம்பத்தக்கது என்று 2021 ஜனவரி கடைசியில் அறிக்கை விட்டன. ரோஹிங்கியாக்களின் ஓட்டுரிமை பறிக்கப்பட்டது போன்ற பெரிய குறைகள் அந்தத் தேர்தலில் இருந்தன, கண்காணித்தவர்கள் அதை மறைக்கவும் இல்லை. பிப்ரவரி 1-ம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அறிக்கையால் டாங்கியைத் தடுக்க முடியாது, சரி. ஆனால் உள்ளே இருந்தவர்கள் தலைமறைவாக வேண்டிய நிலையில், அன்ஃப்ரெல் அந்த மே மாதம் வெளியிட்ட முழு அறிக்கை, முடிவு மொத்தத்தில் மக்களின் விருப்பத்தைத்தான் காட்டியது என்று வெளியிலிருந்து பதிவு செய்தது. ராணுவம் சொன்ன காரணம் அதற்கப்புறம் எடுபடவில்லை.

வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் நல்லதே செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். 2019-ல் ஆப்பிரிக்க நாடான மலாவியின் தேர்தலை ஐரோப்பிய ஒன்றியக் குழு முதல் அறிக்கையில் பாராட்டியது. முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தது பிறகுதான் பெரிய விவகாரமானது. அதற்குள் பார்வையாளர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டிவிட்டார்கள். மாதக்கணக்கில் தெருவில் நின்றது உள்ளூர் மனித உரிமை அமைப்புகள். 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது, ஜூனில் நடந்த மறுதேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் லாசரஸ் சக்வேரா ஜெயித்தார். வெளித் துணையின் மதிப்பு தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னும் ஆறு மாதம் பின்னும்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து: முறையைச் சொல்லித் தருவது, ஆவணங்களின் நகலைப் பத்திரமாக வெளியே வைப்பது, கைதானால் வக்கீல் ஏற்பாடு செய்வது, சத்தம் போடுவது.

பணம் பற்றியும் பேசியாக வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், உலகம் முழுக்க இந்தத் துறையில் பல அலுவலகங்கள் திணறின. ஒரே நாட்டுப் பணத்தை நம்பியிருப்பது 'அந்நிய ஏஜெண்ட்' என்று முத்திரை குத்துகிறவனுக்கு நாமே வசதி செய்து கொடுப்பது. வரவு செலவை வெளியிடுங்கள், உள்ளூரில் நூறு ரூபாயாக வசூலியுங்கள் என்று பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன், அது கஷ்டம் என்று தெரிந்தேதான்.

இங்கே இந்தியாவில் சாவடியில் எண்ணுவதில்லை. ஆனாலும் ஓட்டுப்பதிவு முடிந்ததும் எத்தனை ஓட்டு பதிவானது என்ற கணக்கை 17சி படிவத்தில் பூத் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஏஜெண்டாக உட்கார்ந்தால் அதை வாங்காமல் எழுந்து வராதீர்கள். அடுத்த முறை எந்த நாட்டைப் பற்றியாவது 'சர்வதேசப் பார்வையாளர்கள் திருப்தி' என்று செய்தி வந்தால், அந்த நாட்டுக் கண்காணிப்பு அமைப்பு என்ன சொன்னது, எத்தனை சாவடியில் ஆள் இருந்தது, அவர்களில் யாராவது ஜெயிலில் இருக்கிறார்களா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.