சமூகக் கலையா, கூட்டுக்கலையா?

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் செயலமர்வு ஒன்று நடந்தது. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போய்த் திரும்பி வந்த பெண்கள் இருபது பேரளவில் பாயில் அமர்ந்து துணியில் படம் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே கட்டியிருந்த பதாகையில், 'புலம்பெயர்ந்த மற்றும் ஏதிலிப் பெண்கள் மற்றும் குடும்பங்களுக்கு ஆதரவளிக்கும் சமூகக் கலை நிகழ்ச்சித்திட்டம்' என்று எழுதியிருந்தது. பேத்தியைக் கூட்டிவந்த ஒரு மூதாட்டி அதை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு என்னிடம், "சேர், இது எந்தச் சமூகத்துக்காரங்களுக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எல்லாருக்கும்தான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

'சமூகக் கலை' என்ற தொடரை நான் பார்ப்பது அது முதல் தடவையன்று. மெல்பேர்னில் இருக்கும் உறவுக்காரப் பெண்ணொருத்தி அனுப்பிய துண்டுப்பிரசுரத்திலும், கொழும்பில் அச்சான ஓர் அறிக்கையிலும், பிழைதிருத்தித் தரும்படி என்னிடம் வந்த அழைப்பிதழ் ஒன்றிலும் அது இருந்தது. அந்த அழைப்பிதழ், 'சமூகக் கலை நிகழ்வுக்குச் சமூகமளிக்கவும்' என்று முடிந்திருந்தது. அதை அப்போதே எதிர்த்து எழுதியிருக்க வேண்டும், சோம்பலால் விட்டுவிட்டேன். மூதாட்டியின் கேள்விக்குப் பிறகும் விடுவது சரியில்லை.

'community arts' என்ற ஆங்கிலத் தொடரைப் பெயர்த்த இந்தச் சொல் எந்தப் பொருளைக் குறிக்க வந்தது என்பதை முதலில் பார்ப்போம். பிரித்தானியாவில் 1960களின் பிற்பகுதியில் சில கலைஞர்கள் அரங்குகளையும் ஓவியக்கூடங்களையும் விட்டுவிட்டுக் குடியிருப்புகளுக்குள் சென்று, அங்கு வாழ்பவர்களோடு சேர்ந்து சுவரோவியம் தீட்டுவது, நாடகம் போடுவது, அச்சடிப்பது என்று இறங்கினார்கள். 1974இல் பிரித்தானியக் கலை மன்றம் இதற்கென அமைத்த குழுவொன்று அறிக்கை தந்தபோது, இந்தக் கலைஞர்களைப் பிரித்துக் காட்டுவது அவர்கள் கையாளும் உத்தியன்று, கலைக்கு வாழ்க்கையில் என்ன இடம் என்பது பற்றிய அவர்களுடைய மனப்பாங்கே என்ற கருத்தை முன்வைத்தது. அவுஸ்திரேலியாவிலும் 1970களிலேயே இதற்கு அரச ஆதரவு கிடைத்தது. வந்து குடியேறிய பெண்களும் தஞ்சம் புகுந்த குடும்பங்களும் கூடித் தைக்கவும் பாடவும் சமைக்கவும் கதை சொல்லவும் இன்று நடைபெறும் நிகழ்ச்சித்திட்டங்கள் அந்த வழியில் வந்தவை. கலைஞர் செய்து காட்டிப் பிறர் பார்ப்பதும் இதில் இல்லை, கலைஞர் கற்பித்துப் பிறர் கற்பதும் இதில் முதன்மையில்லை. எல்லாரும் சேர்ந்து செய்கிறார்கள் என்பதே இதன் உயிர்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'community' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் 'பொது', 'பகிர்ந்துகொண்டது' என்று பொருள்படும் இலத்தீன் சொல். நம்முடைய 'சமூகம்', கூட்டம் என்ற பொருளுள்ள வடமொழி 'சமூஹ' என்பதிலிருந்து வந்தது. 'சமூகமளித்தல்' என்பதில் இருப்பதோ வேறு சொல். அது 'சம்முகம்' என்பதன் திரிபான 'சமுகம்', அதாவது முன்னிலை. வேதாகமத்தில் 'கர்த்தருடைய சமுகம்' என்று வருவதும் அதுவே. நம் நாட்டில் எழுத்தில் இரண்டையும் கலந்துவிட்டோம். 'கலை' வடசொல்லா, 'கல்' என்ற தமிழ் வேரில் பிறந்ததா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

இனி 'சமூகக் கலை' ஏன் ஆகாது என்பதற்கு வருகிறேன். மலையகத்தில், ஏன் தமிழர் வாழும் பல இடங்களில், 'எந்தச் சமூகம்?' என்று கேட்டால் அது சாதியைக் கேட்பதுதான். சாதி என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுபவர்கள் கண்டுபிடித்த மறைப்புச் சொல் அது. மறைப்புச் சொற்களுக்கு ஒரு குணம் உண்டு. நாளடைவில் மறைக்க வந்த பொருளையே நேர்ப்பொருளாக்கிக்கொண்டு நிலைத்துவிடும். ஆகவே 'சமூகக் கலை' என்று பதாகையில் எழுதினால், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து வரும் ஒருவருக்கு அது 'சாதிக்கலை' என்று கேட்பதில் வியப்பில்லை. அப்படி ஒன்று இங்கு இருந்ததும் உண்மை. விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஆளழைக்கவும், சாவு வீட்டிலும், திருவிழாவிலும் தப்படிப்பது ஒரு சாதியார் மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அந்தச் சுமையை இறக்கி வைத்து, அது எல்லாரும் தொடத்தக்க வாத்தியம் என்று நிலைநாட்டுவதற்காக இன்றைய இளைஞர்கள் மேடைதோறும் தப்பை எடுத்துவருகையில், அதே மேடையின் பதாகை 'சமூகக் கலை' என்று சொன்னால் அவர்கள் இறக்கியதை நாம் மறுபடியும் தூக்கி வைத்தவர்களாவோம்.

சாதியை விட்டுவிட்டாலும் தொடர் தப்பிக்காது. புராண நாடகம், வரலாற்று நாடகம், சமூக நாடகம் என்று பிரித்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் 'சமூக' என்ற அடை, கலை எதைப் பற்றியது என்பதைச் சொல்கிறது. சமூகக் கலை என்றதும் சீதனக் கொடுமை, குடியின் தீங்கு, டெங்கு ஒழிப்பு ஆகியவற்றைப் பற்றிய வீதி நாடகம் நினைவுக்கு வந்தால் அதில் வாசகரின் பிழை ஏதுமில்லை.

இலக்கணத்தின் வழியாகவும் பார்க்கலாம். சமூகக் கலை என்ற தொகையை விரித்தால், சமூகத்தினது கலை என்று ஆறாம் வேற்றுமையாகவோ, சமூகத்துக்குக் கலை என்று நான்காவதாகவோதான் பெரும்பாலார் விரிப்பார்கள். ஆறாவது, ஏற்கெனவே ஒரு குழுவுக்குச் சொந்தமாக இருக்கும் மரபுக்கலையைக் குறிக்கும். நான்காவது, மேலேயிருந்து கொடுக்கப்படும் நிவாரணப் பொருளைக் குறிக்கும். நமக்கு வேண்டியது மூன்றாம் வேற்றுமையின் 'ஒடு' உருபு தரும் உடனிகழ்ச்சிப் பொருள். 'சமூகத்தோடு' என்று எவரும் இந்தத் தொகையை விரிக்கப்போவதில்லை.

ஆறாம் வேற்றுமைப் பொருளில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. தோட்டத்தின் சொந்தக் கலை எது என்று கேட்டால் முதலில் வரும் பதில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கி, வீடுவீடாகப் பணம் சேர்த்து, தோட்டமே கூடி நடத்தும் கலை அது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் மரபான ஆட்டத்தில் ரதி வேடம் கட்டுவதும் ஆண்தான். பெண்களுக்கு இருந்தது தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து மலையில் நிரைக்கு நிரை எடுத்துக்கொடுக்கும் பாட்டு. இவற்றைக் கலை என்று எண்ணி எவரும் அவர்களுக்குக் கம்பம் ஊன்றவில்லை. பெண்களுக்கென்றே நடத்தும் ஒரு முயற்சிக்கு, அவர்களுக்கு மேடை தராத ஒன்றை நினைவூட்டும் பெயரை வைப்பது பொருந்துமா?

நான் இதைச் சொன்னபோது, 'சமுதாயக் கலை' என்று மாற்றிவிட்டால் போதும் என்றார் நண்பர் ஒருவர். சமுதாயமும் கூட்டம் என்ற பொருளுடைய வடசொல்லே. ஒரு வடசொல்லை எடுத்துவிட்டு அதன் பக்கத்து வீட்டு வடசொல்லை வைப்பதால் என்ன பயன் என்று தெரியவில்லை. 'சமுதாயஞ்சார் கலை' என்பது இன்னும் மோசம். நீதிமன்றம் சிறைக்குப் பதிலாக ஆளை அனுப்பிவைக்கும் சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களத்தின் பெயர்ப்பலகை அதில் தெரிகிறது. 'சனசமூகக் கலை' யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையத்தின் பத்திரிகை மேசையைக் கொண்டுவருகிறது. 'மக்கள் கலை' நல்ல சொல். ஆனால் நாட்டார் கலை என்றும் இடதுசாரி மேடை என்றும் இரண்டு பொருள் அதில் ஏற்கெனவே குடியிருப்பதால் மூன்றாவதற்கு இடமில்லை. 'பொதுக்கலை' சதுக்கத்தில் நிற்கும் சிலையைக் குறிக்கும். 'ஊர்க்கலை' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் பாட்டன்மார் 'ஊரு' என்றால் அது கடலுக்கு அப்பால் இருந்த ஊர், இங்கு இருப்பது தோட்டம். அந்தச் சொல்லில் இருக்கும் ஏக்கத்தைக் கலைக்க நான் விரும்பவில்லை.

என்னுடைய தேர்வு 'கூட்டுக்கலை'. கூட்டுவழிபாடு, கூட்டுறவு, கூட்டுக்குடும்பம், கூட்டுமுயற்சி ஆகிய எல்லாவற்றிலும் 'கூட்டு' என்ற அடை, செய்பவர்கள் சேர்ந்திருப்பதைக் காட்டுகிறது. யாருக்கு, எதைப் பற்றி என்ற கேள்விகள் எழுவதில்லை. சிறுபிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து ஆக்கும் கூட்டாஞ்சோற்றில் சமைப்பவரும் உண்பவரும் ஒருவரே. நமக்கு வேண்டிய பொருள் அந்தப் பானைக்குள் அப்படியே இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்பட்டதில் வலுவான ஒன்றை மறைக்கக்கூடாது. மண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இந்தச் சொல்லைக் கேட்டதும், "கூட்டுன்னா கூட்டு ஒப்பந்தம் மாதிரியா சேர்?" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தைத் தீர்மானிக்கத் தொழிற்சங்கத் தலைவர்களும் முதலாளிமார் சம்மேளனமும் கொழும்பில் கூடிக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில், கொழுந்து பறிக்கும் பெண் கூடவில்லை என்பதை அந்தச் சிரிப்பு ஒரு நொடியில் சொல்லிவிட்டது. ஆனாலும், பொருள் விளங்காமல் எழுந்த சிரிப்பன்று அது. 'கூட்டு' என்றால் எல்லாரும் கூட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கேலி பிறந்தது. 'சமூகம்' என்ற சொல் அப்படி ஒரு கேலியைத் தந்திருக்க முடியாது.

அந்தப் பெண் தைத்துக்கொண்டிருந்த துணியையும் சொல்ல வேண்டும். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்கு அது. அதன் மேல் நீலச் சேலைத்துண்டால் ஒரு விமானமும், அதன் கீழே மிகச் சிறிதாக ஒரு லயமும், லயத்து வாசலில் பொத்தான் அளவில் இரண்டு பிள்ளைகளும். தேயிலைக் கறை படிந்த இடத்தை அவர் வெட்டி எறியவில்லை, அதையே மலையாக்கியிருந்தார். சிலியில் 1973இன் இராணுவப் புரட்சிக்குப் பின் காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவியரும் சாக்குத்துணியில் ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்த படங்களுக்கு, ஸ்பானிய மொழியில் சாக்குத்துணி என்று பொருள்படும் பெயரே நிலைத்தது. 1975க்குப் பின் லாவோஸிலிருந்து மேக்கொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் தங்கிய மொங் இனப் பெண்கள், பூத்துணி என்று தங்கள் மொழியில் வழங்கிய பழைய கோலத் தையலில், ஆற்றைக் கடக்கும் மனிதர்களைத் தைக்கத் தொடங்கினார்கள். இரண்டு இடத்திலும் பெயர் செய்பொருளிலிருந்து வந்திருக்கிறது, எவருடைய விண்ணப்பப் படிவத்திலிருந்தும் வரவில்லை.

படிவத் தமிழைப் பற்றி எழுதத் தொடங்கினால் அந்தப் பதாகையின் மற்றச் சொற்களையும் விட மனம் வருவதில்லை. 'ஏதிலி' என்பதைத் தூய தமிழ் என்று சொல்லி 'அகதி'க்குப் பதிலாக வைக்கிறார்கள். 'அகதி' வடசொல்தான்; போக வழியில்லாதவர் என்பது அதன் பொருள், அதில் இரக்கம் இருக்கிறது. ஏதிலார் குற்றம்போல் தன் குற்றத்தைக் காண வேண்டும் என்கிற குறளில் ஏதிலார் என்றால் அயலார், நமக்குச் சம்பந்தமில்லாதவர். தஞ்சம் கேட்டு வந்தவளை வாசலிலேயே அயலாள் என்று கூப்பிடும் சொல்லை, தூய்மை என்ற ஒன்றுக்காக நான் ஏற்கமாட்டேன். தூய்மையை விரும்புகிறவன்தான் நானும். ஆனால் பொருள் கெட்ட தூய்மை எனக்கு வேண்டாம். 'புலம்பெயர்' பட்டினப்பாலையில் வரும் பழஞ்சொல். அங்கே அது காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது உறைந்த வேற்றுநாட்டாரைக் குறித்தது. இன்று இலங்கையில் அதைக் கேட்டால் டொரொன்டோவும் இலண்டனும்தான் தோன்றும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்குப் போய் வந்த பெண்ணை அப்படி அழைத்தால் அவருக்கே சிரிப்பு வரும். அவர் தன்னை 'வெளிநாடு போயிட்டு வந்தவ' என்கிறார். எழுத்தில் 'வெளிநாட்டு வேலைக்குச் சென்று திரும்பிய பெண்கள்' என்றால் எல்லாம் முடிந்தது. அகதி எவரும் இல்லாத மண்டபத்தில் 'ஏதிலி' எதற்கு வந்தது என்றால், வேறொரு நாட்டில் வேறு பெண்களுக்காக வைத்த தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்தது. எத்தனை பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் எண்ணிப் பிரித்து, 5,25,000 பேரைக் கப்பலேற்றத் தீர்மானித்த வரலாறு உள்ள மக்களின் முன்னால், இடம் மாறுதலைக் குறிக்கும் சொற்களை இப்படி அலட்சியமாக எழுதக்கூடாது. இரண்டு 'மற்றும்' பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'உம்' என்று ஓர் இடைச்சொல் தமிழில் இருப்பதை மொழிபெயர்ப்பாளர்களுக்கு யாராவது அறிவித்தால் நல்லது.

பதாகையை நான் எழுதியிருந்தால், 'வெளிநாட்டு வேலைக்குச் சென்று திரும்பிய பெண்களும் அவர்களின் குடும்பத்தினரும் பங்குகொள்ளும் கூட்டுக்கலை' என்று எழுதியிருப்பேன். 'ஆதரவளிக்கும்' என்பது தேவையில்லை. கூடுவதில் ஆதரவு இருக்கிறது.

ஒரு சொல் மட்டும் மீதமிருக்கிறது. இந்த வேலையை முன்னின்று நடத்தும் கலைஞரைச் 'சமூகக் கலைஞர்' என்று எழுதுகிறார்கள். மேலே சொன்ன காரணங்களுக்காக அது இன்னும் பெரிய பிழை. 'வளவாளர்' என்பது கையில் வளத்தை வைத்துக்கொண்டு வருபவரைப் போல் ஒலிக்கிறது. கலைஞர் என்ற பெயரைப் பாயில் அமர்ந்து தைப்பவர்களுக்கு விட்டுவிட்டு, நடத்துபவரைக் 'கூட்டுநர்' என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். அதைக் கேட்டால் லயத்து வாசற்கூட்டியின் நினைவு வருகிறது என்று நண்பர் மறுத்தார். வந்தால் வரட்டும், அவரும் எல்லாருடைய வாசலுக்கும் போகிறவர்தான்.