மூணு வாரத்துல வீட்டு பீர்: எந்த நாளைச் சுருக்கலாம், எந்த நாள்மேல கை வைக்கக் கூடாது

இன்னும் 21 நாள்ல வீட்டுக்கு ஆளுங்க வராங்க, அதுக்குள்ள 20 லிட்டர் பீர் போட்டு, பாட்டில்ல அடைச்சு, நுரை பொங்க ஊத்திக் குடுக்கணும், முடியுமா? முடியும். ஆனா இந்த வேலையில பாதிதான் நம்ம கையில இருக்கு, மீதி ஈஸ்ட் செய்யுற வேலை. அதுக்கு நம்ம தேதியெல்லாம் தெரியாது.

முதல் நாள் வேலை அஞ்சாறு மணி நேரத்துல முடிஞ்சிடும். முளைக்க வெச்சு உலர்த்தின பார்லிதான் மால்ட். அதை உடைச்சு 65லிருந்து 68 டிகிரி சூட்டுல இருக்குற தண்ணியில ஒரு மணி நேரம் ஊற வெச்சா, முளைக்கும்போது தானியத்துக்குள்ள உருவான ரெண்டு என்சைம் மாவுச்சத்தை சர்க்கரையா வெட்ட ஆரம்பிக்கும். அதுல பீட்டா அமைலேஸ் கொஞ்சம் கம்மி சூட்டுலதான் நல்லா ஓடும், ஈஸ்ட் விரும்பி சாப்பிடுற மால்ட்டோஸை அதுதான் நிறைய தரும், சூடு ஏற ஏற இன்னொரு என்சைமான ஆல்ஃபா அமைலேஸ் கை ஓங்கி, ஈஸ்ட்டால கடிக்க முடியாத நீளத் துண்டுகளா விட்டுட்டுப் போயிடும், அந்த பீர் வாயில கனமா இருக்கும். அப்புறம் அந்தத் தண்ணியை மட்டும் வடிச்சு எடுத்து, ஹாப்ஸ்ங்கிற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடணும். ஹாப்ஸ்ல இருக்குற ஆல்ஃபா ஆசிட் கொதியில உருவம் மாறினாத்தான் பீருக்குக் கசப்பு கிடைக்கும். இந்த இனிப்புத் தண்ணிக்குப் பேரு வோர்ட். அதை சீக்கிரமா 20 டிகிரிக்கு ஆற வெச்சு ஈஸ்ட் போடணும். ஆறினதுக்கு அப்புறம் அதைத் தொடுற ஒவ்வொரு பொருளும் கிருமிநாசினியில நனைஞ்சிருக்கணும், இதுல மட்டும் குறுக்கு வழியே கிடையாது.

அவசரம்னா நான் முதல்ல குறைக்கச் சொல்றது சர்க்கரை அளவை. தண்ணியோட அடர்த்தியைக் காட்டுற ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டா சுத்தத் தண்ணியில 1.000 காட்டும், சர்க்கரை கரைஞ்ச வோர்ட்ல அது மேல ஏறி நிக்கும். 1.045ல ஆரம்பிச்சு 1.010ல முடிஞ்சா, வித்தியாசத்தை 131ஆல பெருக்கினா ஆல்கஹால் சுமார் 4.6 சதவீதம். இந்த மாதிரி லேசான ஏல், அதாவது ரூம் சூட்டுல புளிக்கிற ஜாதி, மூணு வாரத்துக்கு சரியா வரும். 8 சதவீத பீருக்கு ஆசைப்பட்டா மாசக்கணக்குல காத்திருக்கத் தயாரா இருக்கணும். லாகர் வேண்டவே வேண்டாம், அது குளிர்ல மெதுவா புளிக்கிற ஜாதி.

ஈஸ்ட் போட்டதும் பல மணி நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். உள்ள அது ஆக்சிஜனை இழுத்து செல் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால் செஞ்சுக்கிட்டு, பெருகிக்கிட்டு இருக்கு. கொஞ்சமா போட்டா பெருகுறதுலயே நேரம் போகும், அதனால ட்ரை ஈஸ்ட் பாக்கெட் ஒண்ணு போதும்னாலும் நான் ரெண்டு போடுவேன், ஒரு நாள் மிச்சம். சூட்டை ஏத்தினா வேகம் கூடுமேன்னு தோணும், கூடும்தான், ஆனா பெருகுற முதல் ரெண்டு மூணு நாள்ல சூடு ஏறினா கரைப்பான் வாசம் அடிக்கிற கனமான ஆல்கஹால்கள் வந்து சேரும். ஆரம்பத்துல 18 டிகிரி, புளிக்கிற வேகம் அடங்கும்போது 21, 22ன்னு ஏத்துனா நல்லது. இதுக்கு விதிவிலக்கு நார்வே பண்ணை வீடுகள்ல வழிவழியா வெச்சிருந்த க்வெய்க் ஈஸ்ட், 35 டிகிரிக்கு மேலயும் சுத்தமா வேலை பார்த்து மூணு நாலு நாள்லயே சர்க்கரையை முடிச்சிடும். நேரம் நெருக்கினா முதல்ல நான் தேடுறது அதைத்தான்.

இனிமேதான் நிறைய பேர் தப்பு பண்ற இடம். சர்க்கரை தீர்ந்ததும் பீர் ரெடி ஆயிடாது. ஈஸ்ட் பெருகும்போது வெளிய தள்ளின ஒரு பொருள் மெதுவா டைஅசிட்டைலா மாறும், வெண்ணெய் வாசம் அடிக்கும், அசிட்டால்டிஹைடுன்னு இன்னொண்ணு, பச்சை ஆப்பிள் வாசம். ரெண்டையும் அதே ஈஸ்ட்டே திரும்ப உள்ள இழுத்து சரி பண்ணும், அதுக்கு ரெண்டு மூணு நாள் வேணும், அந்த நேரத்துல ஈஸ்ட் உயிர்ப்பா, கதகதப்பா இருக்கணும். முடிஞ்சதான்னு தெரிய ரெண்டு சின்ன டம்ளர்ல பீர் எடுத்து மூடி, ஒண்ணை 60 டிகிரி வெந்நீர்ல 20 நிமிஷம் வெச்சு ஆற வெச்சுட்டு ரெண்டையும் மோந்து பாருங்க. சூடு பண்ணினதுல மட்டும் வெண்ணெய் வாசம் வந்தா இன்னும் வேலை பாக்கி, தொடாதீங்க.

எனக்கு இதெல்லாம் தெரியாத காலத்துல ஆறாவது நாளே பாட்டில் பண்ணினேன். ஏர்லாக்ல, அதாவது கேஸ் மட்டும் வெளிய போக மூடியில செருகுற குழாயில, குமிழி நின்னுடுச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு ராத்திரி அலமாரிக்குள்ள டமார்னு சத்தம், கதவைத் திறந்தா தரையெல்லாம் நுரை, நகம் அளவு கண்ணாடித் துண்டு ஒண்ணு பிளைவுட் கதவுல குத்திக்கிட்டு நிக்குது. அந்த நேரத்துல யாராவது கதவைத் திறந்திருந்தா? இப்பவும் நெனச்சா உடம்பு நடுங்குது.

கணக்கு இதான். 20 டிகிரியில புளிச்சு முடிஞ்ச பீர்ல அதோட அளவுல 0.85 பங்கு கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே கரைஞ்சிருக்கும். பாட்டில்ல அடைக்கும்போது நுரைக்காக லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை போட்டா, ஈஸ்ட் அதைச் சாப்பிட்டு இன்னொரு 1 பங்கு வரும். நமக்கு 2.4 பங்கு வேணும்னா லிட்டருக்கு 6 கிராம், 20 லிட்டருக்கு 120 கிராம். அப்போ பாட்டிலுக்குள்ள இருக்குற அழுத்தமே கிட்டத்தட்ட கார் டயர் காத்துக்குச் சமம். இதுல 1.010க்கு இறங்க வேண்டிய பீரை 1.014லயே அடைச்சா, பாக்கி நாலு புள்ளி சர்க்கரையும் உள்ளயே புளிச்சு சுமார் 2 பங்கு கேஸை சேர்க்கும், அழுத்தம் டபுளுக்கும் மேல போகும், சாதாரண பீர் பாட்டில் அதுக்குச் செஞ்சதே இல்ல.

குமிழி பொய் சொல்லும், ரூம் சூடு குறைஞ்சாலே நின்னுடும், மூடி கசிஞ்சா வரவே வராது. ஹைட்ரோமீட்டர் ரெண்டு மூணு நாள் ஒரே எண் காட்டணும். நேரம் மிச்சம் பண்ண ஒரு நல்ல வழி இருக்கு: முதல் நாளே கால் லிட்டர் வோர்ட்டைத் தனியா எடுத்து, நிறைய ஈஸ்ட் போட்டு, வாயை ஃபாயிலால லேசா மூடி 26, 27 டிகிரியில வெச்சிடுங்க. அது ரெண்டு நாள்ல ஓடி முடிஞ்சு, பெரிய பாத்திரம் எந்த எண்ல போய் நிக்கும்னு முன்னாடியே காட்டிடும். குடிக்காதீங்க, எண்ணை மட்டும் குறிச்சு வெச்சுக்கோங்க.

பாட்டில் பண்ற அன்னிக்கு அந்த 120 கிராமைக் கொஞ்சம் தண்ணியில கொதிக்க வெச்சு ஆற வெச்சு, சுத்தம் பண்ணின வாளி அடியில ஊத்தி, அதுமேல பீரை டியூப் வழியா சத்தம் இல்லாம இறக்கணும். தெறிச்சா ஆக்சிஜன் கலந்து நாளாக நாளாக அட்டைப்பெட்டி ருசி வரும். பாட்டில் வாயிலிருந்து ரெண்டு மூணு சென்டிமீட்டர் விட்டு மூடுங்க. வெளிச்சம் பட்டா ஹாப்ஸ் கெட்ட வாசம் அடிக்கும்கிறதால பிரவுன் பாட்டில்தான் நல்லது.

அடுத்த 10லிருந்து 14 நாள் 20 டிகிரிக்கு மேல, ஃப்ரிட்ஜுக்கு வெளியே, மூடின பெட்டிக்குள்ள இருக்கட்டும். குளிர்ல வெச்சா ஈஸ்ட் தூங்கிடும், கேஸ் வராது. ஒரே ஒரு பாட்டில் அளவு பீரை மட்டும் சோடா வர்ற பிளாஸ்டிக் பாட்டில்ல அடைச்சு வெச்சா, தினமும் அமுக்கிப் பார்க்கலாம், கல்லு மாதிரி ஆனதும் மத்ததுலயும் கேஸ் ஏறிடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்.

கடைசி ரெண்டு நாள்தான் ஃப்ரிட்ஜ். குளிர் ஏற ஏற பீர் அதிகமா கேஸைக் கரைச்சுக்கும், கழுத்துல நிக்கிற கேஸ் உள்ள இறங்கும், ஈஸ்ட் அடியில கெட்டியா படியும். ஊத்தும்போது பாட்டிலை ஒரே சாய்வுல பிடிச்சு, அந்த வண்டல் கழுத்துக்கு வரும்போது நிறுத்திடுங்க.