சங்கத்தின் ஐந்தொகையை யார் கேட்பது?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஐந்தொகை (வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் ஒத்துக் காட்டும் முடிவுக் கணக்கு) என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மேலாளாக, அதாவது முதலாளியின் கடையை நடத்தும் பொறுப்பாளராகப் போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் பேரேட்டை ஒப்புவித்து, ஐந்தொகை காட்டிவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். முதலாளி உறவுக்காரராகவே இருந்தாலும் கணக்கில் தயவு கிடையாது. அதே காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இன்று கட்டட வேலை, சுமை தூக்கும் வேலை, அரிசி ஆலை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை என்று உழைத்துத் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களிடம் "உங்க சங்கத்தோட போன வருஷக் கணக்கைப் பாத்தீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் தலைவர் பாத்துக்குவாருங்க" என்பதுதான் பலரின் பதில். முதலாளியிடம் லாபக் கணக்கைக் கேட்டு கேட் கூட்டம் போடுகிற சங்கம் தன் கணக்கைப் பூட்டி வைப்பது பெரிய துரோகம்.

"அதனால்தான் சங்கமே வேண்டாம் என்கிறோம்" என்று இதைக் கேட்டதும் சில முதலாளிகள் சொல்வார்கள். சங்கம் வைப்பது அரசியல் சாசனம் 19(1)(இ) பிரிவில் தந்திருக்கும் உரிமை. அது தலைவருக்குத் தந்ததல்ல, தொழிலாளிக்குத் தந்தது. தலைவர் தப்புச் செய்தால் தலைவரை மாற்ற வேண்டும், உரிமையைப் பறிக்க முடியாது. 1918-இல் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டே வருடத்தில் பின்னி ஆலை நிர்வாகம் வாடியா மீது நஷ்டஈடு வழக்குப் போட்டு, உயர்நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. தலைவர் மேல் வழக்குப் போட்டே சங்கத்தை முடக்கிவிடலாம் என்ற அந்த நிலைமையிலிருந்து காப்பாற்றத்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நூறு வருடம் ஆகியும் இழுபறி தீரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்த பிறகு, 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் அமைக்கும் உரிமை வேறு, அந்தச் சங்கத்தோடு முதலாளி உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்ற உரிமை வேறு. பின்னது அடிப்படை உரிமையில் அடங்காது என்று உச்சநீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. பதிவுக்குத் தேவை, அந்த நிறுவனத்தில் அல்லது தொழிலில் வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அது. எப்படியும் ஏழு பேருக்குக் குறையக் கூடாது. ஒன்பது பேர் வேலை செய்யும் டைல்ஸ் பட்டறையில் தனிச் சங்கம் வைக்க ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அது நடக்கிற காரியமில்லை. அதனால் அந்தத் தொழில் மொத்தத்துக்கும் ஒரே சங்கமாகப் பதிவது நல்லது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இந்த வரம்பு அப்படியே இருக்கிறது. புதிதாக வந்தது பேச்சுவார்த்தைக்கான கணக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் உள்ள இடத்தில் வேலை செய்பவர்களில் 51 சதவீதம் பேரை உறுப்பினராகக் காட்டுகிற சங்கம்தான் பேசும். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி வீதம் குழு அமையும். ஆக, உறுப்பினர் பட்டியலில் பொய்ப் பெயர் சேர்க்கும் ஆசை இனி இன்னும் கூடும்.

பணம் எங்கே ஒழுகுகிறது? முதல் ஓட்டை ரசீதுப் புத்தகம். எத்தனை புத்தகம் அச்சடித்தார்கள் என்பது அச்சக பில்லில் இருக்கும். யாரிடம் எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுத்தார்கள் என்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும். திரும்பி வந்த புத்தகத்தில் அடிக்கட்டை எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும், தப்பாக எழுதிய ரசீதும் கிழிபடாமல் அதிலேயே ஒட்டியிருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒத்துப் பார்த்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். பத்துப் புத்தகத்துக்கு பில், கணக்கில் ஏழு புத்தகம் என்றால் மீதி மூன்றும் யாரோ ஒருவர் பைக்குள் இருக்கிறது. அடுத்தது, வசூலான பணம் வங்கிக்குப் போகாமல் அப்படியே செலவாவது. வசூலை முழுதாகக் கட்டி, செலவுக்குத் தனியாக எடுப்பதுதான் முறை. இரண்டையும் கலந்துவிட்டால் எந்த ஆடிட்டராலும் பிரிக்க முடியாது.

தீபாவளி போனஸ் சமயத்தில் இன்னொன்று நடக்கும். குறைந்தபட்ச போனஸான 8.33 சதவீதம் சட்டப்படி வந்தே தீர வேண்டியது. அதையே "பேசி வாங்கிக் கொடுத்தோம்" என்று சொல்லி, அதில் ஒரு பங்கை நிதியாகப் பிடிப்பார்கள். தொழிலாளி எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் சம்பளத்திலோ போனஸிலோ சங்கத்துக்கென்று பிடிக்கக் கூடாது. அரசியல் காரியங்களுக்காகச் சங்கம் திரட்டும் நிதியும் அப்படித்தான்: தனிக் கணக்காக இருக்க வேண்டும், விருப்பமில்லாதவரைக் கட்டச் சொல்லக் கூடாது, கட்டவில்லை என்று ஒதுக்கவும் கூடாது. அரசின் தொழிலாளர் நலவாரியப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. "கார்டு போட்டுத் தர்றோம்" என்று வாங்கும் பணத்துக்கு ரசீது கேட்டால் பேச்சு மாறுவதைப் பாருங்கள்.

பதவி விஷயம் அடுத்தது. நிர்வாகிகளின் காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்று 2001-இல் பழைய தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள், நம் மேலாள் கணக்கு மாதிரியே. அப்படியும் இருபது வருடமாக ஒரே தலைவர், கேட்டால் "போட்டியின்றித் தேர்வு". மகாசபை அறிவிப்பு எந்தத் தேதியில் போனது, யார் யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று, கூட்ட நடவடிக்கைகளை எழுதி வைக்கும் மினிட் புத்தகத்தில் பார்த்தால் அந்தத் தேர்வின் லட்சணம் தெரியும்.

மனசுக்கு மிகவும் கஷ்டமான இடம் சங்க அலுவலகமே. தட்டச்சு செய்யும் பெண், சந்தா வசூலிக்கும் பையன், கூட்டிப் பெருக்கும் அம்மா என்று மூன்று பேர் இருப்பார்கள். நியமன உத்தரவு கிடையாது, பி.எஃப். கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தால் மாற்று விடுப்பும் கிடையாது. கேட்டால், "20 பேர் இருந்தாத்தான் பி.எஃப்., 10 பேர் இருந்தாத்தான் இ.எஸ்.ஐ., நமக்குச் சட்டம் பொருந்தாது" என்பார்கள். ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டு பத்தாவது ஆளைப் பட்டியலில் காட்டாத பட்டறை முதலாளி சொல்லும் அதே வசனம்! ஆள் குறைவாக இருந்தாலும், வேலை கொடுப்பவரும் வேலை செய்பவர்களில் பெரும்பான்மையினரும் ஒப்புக்கொண்டால் பி.எஃப். சட்டத்துக்குள் தாங்களாகவே வரலாம். அதற்கு வழி இருக்கிறது. முதலில் அந்த விண்ணப்பத்தைப் போட வேண்டியது சங்கங்கள்தான்.

ஒப்பந்தத் தொழிலாளி, பீஸ் ரேட்டுக்குச் சாயம் ஊற்றும் பெண், வடக்கிலிருந்து வந்த கொத்தனார் யாரையும் உறுப்பினராகச் சேர்க்காமல், அவர்களையும் சேர்த்து முதலாளியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் சங்கங்கள் உண்டு. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் பழகியவர்கள் அதன் 18(1), 12(3) பிரிவுகளை வைத்து "பதினெட்டு ஒண்ணு", "பன்னிரண்டு மூணு" என்று சொல்வார்கள். முன்னது தனியாகப் போட்ட ஒப்பந்தம், கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும் கட்டும். பின்னது சமரச அதிகாரி முன்னால் போட்டது, எல்லாத் தொழிலாளியையும் கட்டும், நாளை வேலைக்குச் சேர்கிறவரையும்கூட. எந்த வகை ஒப்பந்தம் என்று கேட்காமல் கைதட்டிவிட்டால், மூன்று வருட வேலைப்பளு அந்தக் கைதட்டலோடு ஏறிவிடும்.

உறுப்பினர் என்ன செய்யலாம்? சந்தா ரசீதை முதலில் பத்திரப்படுத்துங்கள், அதுதான் உங்கள் தகுதிக்குச் சாட்சி. கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்கும் உரிமை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உண்டு, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது சங்க விதியில் இருக்கும். வாயால் கேட்காதீர்கள். "இன்ன தேதியில் இன்ன வருடக் கணக்கைப் பார்க்க வருகிறேன்" என்று எழுதி, நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது, தனியாகப் போனவருக்கு மறுநாளே "முதலாளி ஆள்" என்ற பட்டம் கிடைக்கும்.

அப்படியும் காட்டவில்லையா? டிசம்பர் 31 வரையான தணிக்கைக் கணக்கைச் சங்கம் ஆண்டுதோறும் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கைக்கு வந்ததும் இரண்டே எண்களைப் பாருங்கள்: உறுப்பினர் எத்தனை, சந்தா வரவு எவ்வளவு. மாதம் 50 ரூபாய் கட்டும் 400 பேர் என்றால் வருடத்துக்கு 2,40,000 ரூபாய். தாளில் 60,000 என்று இருந்தால் ஒன்று அந்த 400 பேர் பொய், இல்லையென்றால் மிச்சம் 1,80,000 எங்கே போனது என்பதை அடுத்த மகாசபையில், மினிட் புத்தகத்தில் பதிவாகும்படி கேளுங்கள்.