கல்லுக்குள் ஊறும் கூழ்

‘ஜல்லி வெறும் கல்தானே, வலிமையைத் தவிர அதில் வேறென்ன சோதிக்க இருக்கிறது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

கனடாவில் செயின்ட் ஜான் ஆற்றின் குறுக்கே மாக்டாக்வாக் அணை இருக்கிறது. 1968-இல் இயங்கத் தொடங்கிய இந்த அணை நூறு வருடம் உழைக்க வேண்டியது. ஆனால் அதன் காங்கிரீட் விரிந்துகொண்டே போகிறது. நெருக்கம் தாளாத இடங்களில் வைரக் கம்பி ரம்பத்தால் அறுத்து இடைவெளி விடுகிறார்கள்; அது மூடிக்கொண்டால் மறுபடி அறுக்கிறார்கள். காரணம் ஜல்லி.

இறுகிய காங்கிரீட்டின் நுண்துளைகளில் கொஞ்சம் நீர் தங்கிவிடும். சிமெண்டின் சோடியமும் பொட்டாசியமும் கரைந்த, பிஎச் 13-ஐத் தாண்டும் கடும் கார நீர் அது. பல கற்களில் சிலிக்கா, அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள், இருக்கும். அது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட நல்ல குவார்ட்ஸாக இருந்தால் அந்த நீரின் பாச்சா பலிக்காது. ஓபல், செர்ட், எரிமலைக் கண்ணாடி போன்ற அடுக்குக் குலைந்த சிலிக்கா என்றால் கதை வேறு. சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து, அங்கே சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொள்ள, கல் கூழாகிறது. கூழானதோடு நின்றாலும் பரவாயில்லை. அது தண்ணீரை இழுக்கிறது. டம்ளரில் ஊறும் சப்ஜா விதைக்கு உப்ப இடம் உண்டு. கல்லுக்குள் ஊறும் கூழுக்கு ஏது இடம்? முட்டுகிறது, கல் பிளக்கிறது, விரிசல் சுற்றியுள்ள சிமெண்டுக்குள் ஓடுகிறது. அப்படிப்பட்ட காங்கிரீட்டை அறுத்து வழவழப்பாகத் தேய்த்துப் பார்த்தால், ஜல்லியின் விளிம்பில் கருத்த வளையமும் விரிசல்களில் வெள்ளைக் கூழும் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

1940-இல் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைப் பொறியாளர் தாமஸ் ஸ்டான்டன் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நம் ரிஹாந்த், ஹிராகுட் அணைகளிலும் இதே வினை நடந்திருக்கிறது. கருங்கல்லுக்குள் நிலத்தடி அழுத்தத்தில் நசுங்கிய குவார்ட்ஸ் இருந்தால் அதுவும் மெல்ல வினைபுரியும் என்பதால், கருங்கல் ஜல்லி என்றாலே பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

கல் இப்படி வினைபுரியுமா என்று பார்க்கும் வேகச் சோதனையில் அதை மணலாக உடைத்து, சிமெண்டோடு சேர்த்து, ஓரங்குலப் பருமனில் ஒரு சாந்துக் கட்டை வார்க்கிறார்கள். லிட்டருக்கு 40 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில், 80 டிகிரி செல்சியஸில் 14 நாள் ஊறவிட்டு, முனைகளில் பதித்த எஃகுக் குமிழ்களுக்கு இடையே நீளத்தை அளக்கிறார்கள். நீட்சி 0.10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக நல்ல கல். 25 சென்டிமீட்டருக்கு அது கால் மில்லிமீட்டர்தான்!

ஆனால் இந்தக் கொதிப்பில் நல்ல கல்லும் மாட்டிக்கொள்கிறது, சில கெட்ட கல் தப்பியும் விடுகிறது. நான் நம்புவது 38 டிகிரி வெப்பத்தில், ஈரத்தில் ஒரு வருடம் காத்திருக்கும் காங்கிரீட் கட்டைச் சோதனையை. அதில் எல்லை 0.04 சதவீதம். தேறாத கல்லோடு ஃபிளை ஆஷ் என்ற நிலக்கரிச் சாம்பலைக் கலந்து பயன்படுத்தலாம். அந்தக் கலவையைச் சோதிக்க இரண்டு வருடம் ஆகும். அணை கட்டுபவர்கள் அந்த இரண்டு வருடத்துக்கான பணத்தையும் நேரத்தையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.