நீர்முகப்பு: சொல்லும் பொருளும்

ஒரு நகரம் தன் நீர்நிலையை எதிர்கொண்டு நிற்கும் பகுதியையும், மக்கள் கூடவென அங்கே விடப்படும் வெளியையும் நகரத் திட்டமிடலில் ‘வோட்டர்ஃபுரண்ட்’ என்பர். இச்சொல்லின் பின்பாதி, நெற்றியைக் குறிக்கும் ‘ஃபுரொன்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முகத்திலிருந்து முகப்பு என்ற சொல்லை ஆக்கிக்கொண்ட தமிழில் ‘நீர்முகப்பு’ என்பதே அதற்கு நேரான சொல். ‘நீர்க்கரை’ என்றால் கரை மட்டும் புலப்படும். ஊர் நீரை நோக்கியிருக்கிறதா, அதற்கு முதுகு காட்டுகிறதா என்பது புலப்படாது.

இலங்கையின் வடபகுதியிலுள்ள வன்னி நகரங்களின் நீர்முகப்புப் பெரும்பாலும் குளமே. கிளிநொச்சிக் குளமும் வவுனியா நகரக் குளமும் அத்தகையவை. வடகீழ்ப் பருவமழையில் நிறைந்து மார்கழியில் வான் பாயும் (மிகைநீர் வழிந்தோடும்) குளம், சிறுபோக நெற்செய்கைக்குத் துருசு (மதகு) திறந்த பின் படிப்படியாக வற்றி, ஆவணி புரட்டாதியில் வெடித்த சேற்றை வெளிக்காட்டி உள்வாங்கிவிடும். நீர் ஏறி இறங்கும் இந்த நிலப்பட்டியை நம்மவர் அலைகரை என்பர். நீர் வற்றிய காலத்தில் அது வெறுநிலம் போலத் தோன்றுவதால், மண் நிரப்பிக் கடையும் மதிலும் எழுப்பும் ஆசை எழுகிறது. அதனால் குளத்தின் கொள்ளளவு குறைந்து, மாரியில் வெள்ளம் ஊருக்குள் திரும்பும். எனவே நீர்முகப்பைப் பற்றி எழுதும் எந்தத் திட்டமும் அலைகரையைப் பெயர் சொல்லி வரையறுத்துக் கட்டடங்களுக்கு விலக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

துறை என்பது வேறு: மக்கள் நீரில் இறங்கும் இடம். சங்கப் பாடல்களில் நீருண்ணும் துறை ‘உண்துறை’ எனப்படுகிறது. படித்துறை கட்டுவோர் மார்கழி நீர்மட்டத்தோடு படிகளை நிறுத்திவிடாமல் புரட்டாதி நீர்மட்டம் வரை இறக்கினால்தான் அது ஆண்டு முழுவதும் துறையாக இருக்கும்.

நீர்முகப்புத் திட்டங்களில் வரும் ‘ஆண்டு முழுவதும் பயன்படும்’ என்ற அடைமொழி குளிர்நாடுகளில் வெயில் படும் இருக்கைகளையும் குளிர்காற்றைத் தடுக்கும் மறைப்புகளையும் குறிக்கும். இங்கே தேவை நிழலும், சோழகக் காற்று கிளப்பும் புழுதிக்கு மறைப்பும், மாரிக்கு ஒதுங்கக் கூரையும். குளக்கட்டின் மீது பெருமரம் நடக் கூடாது. வேர் உக்கிய வழியே நீர் கசிந்து கட்டை அரிக்கும். கட்டின் அடியிலிருந்து தள்ளி மருதும் வேம்பும் நட்டு, அவற்றின் கீழ் இருக்கையும் கச்சான் விற்பவர்களுக்கு இடமும் ஒதுக்கி, குளக்கட்டை மாலை நடைக்கு விட்டுவிடலாம்.