வெள்ளைப் பொடி கருநீலமாகும்போது

சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டை வெண்மையாக்குவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதில் மின்சாரம் பாயாது. அதே பொடியை ஹைட்ரஜன் வாயுவில் 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் கருநீலமாகிவிடும். கிராஃபைட்டுக்கு நிகராக மின்சாரத்தையும் கடத்தும். புதிதாக எதுவும் சேரவில்லை, கொஞ்சம் ஆக்சிஜன்தான் வெளியேறியிருக்கிறது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஓர் ஆக்சிஜன் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும். வெள்ளைப் பொடியில் ஒரு டைட்டானியத்துக்கு இரண்டு ஆக்சிஜன். டைட்டானியம் தன்னால் கொடுக்க முடிந்த நான்கு எலக்ட்ரான்களையும் கொடுத்துவிட்டு 4+ ஆக நிற்கும். ஓடுவதற்கு எலக்ட்ரான் மிச்சமில்லை. நான்கு டைட்டானியத்துக்கு ஏழு ஆக்சிஜன் என்று குறைந்தால், 16 எலக்ட்ரான்களில் 14தான் போகும். மீதி இரண்டும் டைட்டானியத்திடமே தங்கும்: இரண்டு 4+, இரண்டு 3+. கலப்பு இணைதிறன் என்பது இதுதான்.

ஆக்சிஜன் போன இடமெல்லாம் ஓட்டையாகக் கிடக்குமா? கிடக்காது. இந்தப் படிகங்களை 1950களில் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தவர் ஸ்வீடன் வேதியியலாளர் ஆர்னே மாக்னெலி. இந்தக் குடும்பத்துக்கே இன்று அவர் பெயர். ரூட்டைல் என்ற டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தில் ஒவ்வொரு டைட்டானியத்தையும் ஆறு ஆக்சிஜன்கள் எண்முகியாக, அதாவது எட்டு முகங்கள் கொண்ட வடிவமாக, சூழ்ந்திருக்கும். எண்முகிகள் விளிம்போடு விளிம்பு கோத்து நீண்ட சங்கிலிகளாகும். ஆக்சிஜன் குறைந்தால் படிகம் ஒரு தளத்தின் வழியே சறுக்கி, மறுபடி பொருந்திக்கொள்கிறது. நான்குக்கு ஏழு படிகத்தில் நான்கு எண்முகிக்கு ஒருமுறை சங்கிலி அறுபடும். அறுந்த இடத்தில் எண்முகிகள் முகத்தோடு முகம் ஒட்டும். ஐந்துக்கு ஒன்பது, ஆறுக்குப் பதினொன்று என்று ஆக்சிஜன் கூடக்கூடச் சங்கிலித் துண்டும் நீளும்.

என்னை மிகவும் வியக்க வைப்பது, நான்குக்கு ஏழு படிகம் குளிரும்போது நடப்பது. அறை வெப்பநிலையில் மிஞ்சிய எலக்ட்ரான்கள் எல்லா டைட்டானியத்துக்கும் பொதுவானவை. ஒவ்வொன்றும் சராசரியாக 3.5+. சுமார் 154 கெல்வினில், அதாவது மைனஸ் 119 டிகிரி செல்சியசில், கடத்துதிறன் சட்டென்று சரிகிறது. காந்தப்புலத்துக்கு இசையும் தன்மையும் கூடவே சரிகிறது. பக்கத்துப் பக்கத்து 3+ அயனிகள் இரண்டிரண்டாக நெருங்கி ஜோடி சேர்வதால், எலக்ட்ரான்களின் காந்தத்தன்மை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகிறது. ஆனால் ஜோடிகள் உடனே வரிசையில் அமர்வதில்லை. வெப்பநிலை இன்னும் சற்றுக் குறையும் வரை திரவம்போல ஒழுங்கின்றி இடம் மாறுகின்றன. இன்னும் குளிர்ந்த பிறகே ஒரு சங்கிலி 3+ ஜோடிகளாலும் அடுத்தது 4+ அயனிகளாலும் நிரம்பி உறைகிறது.

மூன்றுக்கு ஐந்து என்ற உறவுப் பொருளுக்கு அந்தக் குளிர்கூடத் தேவையில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஷின்-இச்சி ஓகோஷி குழு 2010இல் அதை நுண்துகள்களாகச் செய்து லேசர் ஒளியைப் பாய்ச்சியது. உலோக நிலையிலிருந்து குறைகடத்தி நிலைக்கும், அங்கிருந்து திரும்பவும், அறை வெப்பநிலையிலேயே அது மாறியது.