புத்தகங்கள் போன பிறகு நூலகக் கட்டிடத்தை என்ன செய்வது?

1960-களிலும் 70-களிலும் கல்லூரிகள் கட்டிய நவீனத்துவ நூலகங்களில் பூச்சில்லாத கான்கிரீட்டும் பெரிய பெரிய கண்ணாடியும்தான் இருக்கும், அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்று பலருக்கும் தோன்றும். எனக்கென்னவோ அதன் தரைக்காகவே காப்பாற்றலாம் என்று படுகிறது.

புத்தகம் பயங்கர எடை. அமெரிக்க விதிகளின்படி, அலமாரிகள் வரிசையாக நிற்கும் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 730 கிலோ தாங்க வேண்டும், வகுப்பறைக்கோ 200 கிலோ வாக்கில் போதும். அதனால் பாதிப் புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டு அங்கே குழுவாக உட்கார்ந்து படிக்க மேசை போட்டால் தரைக்கு அது சுமையே இல்லை. ஆனால் இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று தண்டவாளத்தில் நகரும் நெருக்க அலமாரிகளை மாடியில் வைத்தால் கதை மாறும். நடைபாதையே இல்லாமல் புத்தகம் குவிவதால் எடை அந்த 730-ஐயும் தாண்டிவிடும், அதற்கு நிலத்தடித் தளம்தான் சரி.

புத்தகம் போனால் சத்தம் வரும். வரிசை வரிசையான காகிதம் ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அது போனதும் கான்கிரீட், கண்ணாடி எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும். 1890-களில் ஹார்வர்டில் வாலஸ் சாபின் என்ற இயற்பியலாளர் மெத்தைகளை வைத்தும் எடுத்தும் அளந்து கண்டுபிடித்த கணக்கு இதுதான்: அறையின் கன அளவு அதே இருக்க, உறிஞ்சும் பரப்பு பாதியானால் ஒலி அடங்கும் நேரம் இரட்டிப்பாகும். அப்புறம் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். அதை வெளியேற்றக் காற்றுக்குழாய் வேண்டும், ஆனால் கூரையின் கான்கிரீட்டே அழகென்று திறந்து விட்டிருப்பதால் குழாயை மறைக்க இடமில்லை. பல இடங்களில் தரையை ஒரு சாண் உயர்த்தி அடியில் ஓட்டுகிறார்கள்.

உண்மையான தலைவலி வெளிச்சுவர். நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது, காரத்தை அளக்கும் பிஹெச் எண் 12-க்கு மேல்; அந்தக் காரம் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கித் துருவிலிருந்து காக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே நுழைந்து சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆக்கிவிட, பிஹெச் 9 பக்கம் இறங்கிவிடும். இப்படிக் காரம் போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் போல நகரும்: முதல் 10 வருடத்தில் 10 மில்லிமீட்டர் என்றால் 40 வருடத்தில் 20. கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட்டே 20 மில்லிமீட்டர்தான் என்றால், கட்டிடம் நாற்பதைத் தொடும்போது படலம் போய், ஈரம் கிடைத்ததும் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

கண்டுபிடிக்கும் வழி பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே இருக்கிறது. ஒரு துண்டை உடைத்து உடனே காரம் பட்டால் நிறம் மாறும் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் ஆரோக்கியமான பகுதி இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறமே மாறாது. கெட்டதை வெட்டியெடுத்து, துருவைச் சுரண்டி, புதுக் கலவை பூசுவார்கள். அதில்தான் கைத்திறன் தெரியும், ஏனென்றால் அரை நூற்றாண்டு வெயிலும் அழுக்கும் பட்ட சாம்பல் நிறத்துக்குப் புதுக் கலவை லேசில் பொருந்தாது. யாரும் பார்க்காத பின்சுவரில் மணலையும் சிமென்டையும் மாற்றி மாற்றிப் பூசி, காய்ந்த பிறகே முன்பக்கம் வருவார்கள்.